எண்பது கிலோமீற்றர் வெளிச்சம்

மீன் ரோல்ஸ் சாப்பிடுவதற்குச் சரியான நேரம் காலை பத்தரை மணி. அதற்கு முன்னர் சாப்பிட்டால் உள்ளே கிழங்கு கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கு வெந்துவிடும். பதினொன்றுக்குப் பிறகு போனால் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள், ஆவியில் மேல் தோல் நமுத்துப்போகும். அன்ரனெற் அக்காவின் சமையற்கூடத்தில் வியாழக்கிழமைகளில் முதல் தட்டு பத்தேகாலுக்குத்தான் எண்ணெயிலிருந்து வெளியே வரும். நான் பத்து இருபதுக்குப் போய்ச் சேருவேன்.

நீங்கள் தமிழில் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஆங்கிலத்தில் எனக்கு வேலை அறிக்கை மட்டும்தான் எழுத வரும். பழுது, காரணம், செய்த வேலை. மூன்று வரி. நேற்றும் அப்படித்தான் பதில் சொன்னேன். நீங்கள் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும் என்றீர்கள். ஆகவே சின்ன வசனங்களாக எழுதுகிறேன். எனக்கும் அதுதான் வசதி.

என் பெயர் றிச்சர்ட். வயது முப்பத்தொன்று. மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். கல்லூரியில் கணினி வலையமைப்புப் படித்தேன். ஐந்து வருடமாக மார்க்கம் நகரில் ஷிஹாப் நானாவின் நிறுவனத்தில் வேலை. வியாபார இடங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு கட்டடங்கள் இருந்தால் நடுவே கண்ணாடி நார் இழுப்போம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மொடியூல் செருகுவோம்.

மொடியூல் என்பது சுண்டுவிரல் அளவான ஓர் உலோகத் துண்டு. ஒரு துளையால் வெளிச்சத்தை அனுப்பும், மற்றத் துளையால் வாங்கும். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு தூரம் அனுப்பும் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கும். பத்துக் கிலோமீற்றர், நாற்பது, எண்பது. எனக்கு இந்தச் சாமான் பிடிக்கும். வெளிச்சம் வருகிறதா, வரவில்லையா, அவ்வளவுதான் அதனிடம் கேட்கலாம். அது உண்மையைச் சொல்லும்.

என் மனைவி ஜூலி பதினாறு மாதங்களுக்கு முன்னர் இறந்தாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தெட்டு. இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். முப்பத்தோராம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். சாப்பாட்டுச் சட்டிகள் வைக்க மேசையில் இடம் போதவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் சட்டிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். முகத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. கோயில் வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் கடையிலும் எல்லோரும் என்னிடம் அதே முகத்தைக் காட்டினார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, எப்பிடி இருக்கிறீர் தம்பி என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டு நின்றவர்கள் என்னைக் கண்டால் சிரிப்பை நிறுத்தினார்கள். நான் துக்கமாக இருந்தேன் என்று எழுத முடியாது. நான் ஒன்றுமாகவும் இருக்கவில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடவா குறையவா என்று சொல்லத் தெரியாமல் பத்து மாதம் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு செப்ரெம்பர் மாதம், வியாழக்கிழமை, அன்ரனெற் அக்காவின் லைன் போயிற்று.

ஸ்காபரோவில் அந்த நீண்ட தொழிற்கூட வரிசை உங்களுக்குத் தெரியும், போய்ப் பார்த்திருக்கிறீர்கள். யூனிட் நான்கில் சமையற்கூடமும் ஒஃபீசும். முற்றத்தைத் தாண்டி யூனிட் பதினொன்றில் பெரிய ஃபிறீசர் அறை. நார் போகும் வழியால் அளந்தால் இரண்டுக்கும் இடையே நூற்றித்தொண்ணூறு மீற்றர். அன்றைக்கு மொடியூல் நேர்மையாகத்தான் பழுதடைந்திருந்தது. நான் அக்காவின் மேசைக்குக் கீழே படுத்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"தம்பி கலியாணம் முடிக்கேல்லையோ?"

மின்பெட்டிகளில் வேலை செய்யும்போது மோதிரம் போடக்கூடாது என்பது ஷிஹாப் நானாவின் கட்டளை. ஜூலி இருந்த காலத்திலும் நான் வேலைக்கு வெறும் கையோடுதான் போவேன். அதை விளக்குவதற்கு முதலே அந்தக் குரல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"கையில மோதிரமும் இல்லை. இந்த வயசில மேசைக்குக் கீழ கிடக்கிறான். பாவம். அன்ரனெற், பொடியனுக்கு ஒரு ரோல் குடு."

"அன்ரி, அவர் லைன் திருத்த வந்தவர். பொம்பிளை பாக்க வரேல்லை."

"லைன் திருத்துறவன் ஒரு பொம்பிளையைப் பாக்கக்கூடாதெண்டு சட்டம் இருக்கோ?"

அவர்தான் பேபி அன்ரி. வயது அறுபத்தாறு. கதிரையில் இருந்தபடியே ஒரு மணித்தியாலத்தில் முந்நூறு ரோல்ஸ் சுற்றுவார், வாய் ஓயாது. பிறந்தபோது பேபி என்று கூப்பிட்டார்கள், பிறகு பெயர் வைக்க மறந்துவிட்டார்கள் என்று அன்ரனெற் அக்கா எனக்கு அவரை அறிமுகப்படுத்தினார். அப்போது ஃபிறீசர் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்த ஒரு மனிதர், "அறுபத்தாறு வயசாகியும் எங்கட பேபி இன்னும் நடை பழகேல்லைத் தம்பி, ஒரே இருப்புத்தான்" என்றார். பேபி அன்ரி கையிலிருந்த மா உருண்டையை அவர் மேல் எறிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பின் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ரோலைக் கடித்தேன். மிளகு தெரிந்தது. பிறகு மீன் தெரிந்தது.

அந்த மனிதர்தான் ராகுலன் அண்ணை.

அடுத்த வியாழக்கிழமை எனக்கு மிசிசாகாவில் வேலை இருந்தது. ஒரு ஒஃபீசில் நாற்பது மேசை. மத்தியானம் என்னுடைய காரில் இருந்து பாண் சாப்பிட்டேன். அதில் ஒரு ருசியும் இல்லை. நான் யோசித்தேன். அன்ரனெற் அக்காவுடையது கடை இல்லை, கடைகளுக்குச் செய்து அனுப்பும் இடம். வேலை இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. ஆகவே வேலை வேண்டும்.

மூன்றாவது வாரம் பராமரிப்புப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். சமையற்கூட முனையில் இருந்த மொடியூலைக் கழற்றி, எண்பது கிலோமீற்றர் மொடியூல் ஒன்றைச் செருகினேன்.

இதை நீதிமன்றத்தில் ஒருவருக்கு விளக்க வேண்டிவரும் என்றீர்கள். மிகவும் இலகு. எண்பது கிலோமீற்றர் போய்ச் சேரவேண்டிய வெளிச்சத்தை நூற்றித்தொண்ணூறு மீற்றரில் விட்டால் எதிர்முனை தாங்காது. அப்படிப் போட்டே ஆகவேண்டும் என்றால் நடுவில் வெளிச்சத்தைக் குறைக்கும் சின்ன மூடி ஒன்று மாட்ட வேண்டும். நான் மாட்டவில்லை. எதிர்முனையின் கண் மெல்ல மெல்லக் கருகும். ஒரு வாரத்தில் லைன் போய்விடும். நான் போய்க் கருகிய துண்டை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகுவேன். எங்கள் களஞ்சியத்தில் வேறு இடங்களில் கழற்றிய பழைய மொடியூல்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஷிஹாப் நானா அதை மீள்சுழற்சிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். நான் அனுப்பவில்லை.

வியாழன் செருகினால் பெரும்பாலும் அடுத்த வியாழன் காலையில் போகும். சில வாரம் தாங்கிவிடும். அந்த வாரங்கள் நீளமானவை.

"றிச்சர்ட், ரோல்ஸ்காரர்ர லைன் திரும்பவும் போய்த்தாம்" என்று ஷிஹாப் நானா தொலைபேசியில் சொல்வார். "அங்க ஜின்னு கின்னு ஈக்கா? ஓதிப் பாக்க ஆள் அனுப்பணுமா?"

"நான் பாக்கிறன் நானா" என்பேன்.

அந்த ஐந்து மாதங்களைப் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஜூலியோடு இருந்த காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்போது எனக்குச் சந்தோஷம் என்றால் என்னவென்று கவனிக்கத் தெரியாது. எனக்கென்று ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். அக்கா நகப்பூச்சால் அதில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். பேபி அன்ரி எனக்குப் பெண் தேடும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஒரு நாள் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தாரும், பாரும். மிசிசாகாப் பிள்ளை. எயார்போட்டில வேலை. ஆறு மொழி தெரியும்."

"ஆறிலையும் நிப்பாட்டாமல் கதைக்கும் எண்டு சொல்லுங்கோவன்" என்றார் ராகுலன் அண்ணை.

"நீ பொத்து. உனக்கு ஒரு மொழியே ஒழுங்கா வராது."

நான் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் தென்னையில் சாய்ந்து நின்றாள். "அன்ரி, இது கொஞ்சம் பழைய படம் மாதிரிக் கிடக்கு" என்றேன். அன்ரி தொலைபேசியைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அட கடவுளே, இது நான்" என்றார். அக்கா சிரித்துச் சிரித்து மாக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். "ஓம் எண்டு சொல்லும் தம்பி, கதிரையோட சேத்துக் கட்டித் தாறம்" என்றார் ராகுலன் அண்ணை. காருக்குள் ஏறிய பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலியைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவர்களும் தலையைச் சாய்த்திருப்பார்கள்.

நொவெம்பரில் ஃபிறீசர் அறைக் கதவின் உட்பக்கக் கைபிடி உடைந்தது. கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை. வெளியிலிருந்து ஓர் இழுப்பில் திறக்கும், உள்ளிருந்து திறக்க அந்தக் கைபிடி வேண்டும். பழைய கதவு என்பதால் புதுக் கைபிடி வரப் பல மாதங்கள் செல்லும் என்றார்கள். அக்கா கவலைப்பட்டார். நான் ஒரு வழி சொன்னேன். உள்ளே ஒரு பொத்தான். அதை அமத்தினால் சமையற்கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். ஒரு பின்னேரத்தில் பூட்டி முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பேபி அன்ரி சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். செய்தி போவது என்னுடைய லைன் வழியாகத்தான்.

அந்த லைன் கிட்டத்தட்ட வாரம்தோறும் போகும் என்று தெரிந்துகொண்டா அதில் பொத்தானை இணைத்தீர் என்று நேற்றுக் கேட்டீர்கள். ஓம். தெரியும். ஆனால் லைன் போனால் அக்காவின் திரையில் அறிவித்தல் வரும். அக்கா உடனே அழைப்பார். நான் வருவேன். இடையில் இரண்டு மணித்தியாலம், கூடினால் மூன்று. அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் ஒருவர் உள்ளே அகப்படுவதற்கு எவ்வளவு சாத்தியம் என்று கணக்குப் பார்த்தேன். மிகக் குறைவு. இன்றும் அந்தக் கணக்கில் பிழை இல்லை.

ராகுலன் அண்ணைக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு மகள்கள். ஃபிறீசர் அறை முழுதும் அவர் பொறுப்பு. பெட்டி தூக்கித் தூக்கி முதுகும் நாரியும் போய்விட்டன. இனி இருந்து செய்யும் வேலை ஒன்று பழக வேண்டும் என்று தையிலிருந்து பின்னேர வகுப்பில் கணினி வலையமைப்புப் படிக்கத் தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. தேநீர் குடிக்கும்போது கேள்வி கேட்பார். நான் பழைய ரோல் பெட்டியின் மூடியில் கீறி விளக்குவேன். நல்ல மூளை. ஒருமுறை சொன்னால் போதும்.

ஒருமுறை அக்காவின் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதில எண்பது எண்டு போட்டிருக்கு. இஞ்சயிருந்து என்ர ஃபிறீசருக்கு இருநூறு மீற்றரும் வராது. என்னத்துக்கு எண்பது கிலோமீற்றர்?" என்று கேட்டார்.

"பலமான சாமான் நல்லதுதானே அண்ணை."

"அது சரி. கோழி வெட்ட வாள் எடுத்த மாதிரி" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அவர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

மாசி மாதம், கடந்த வியாழனுக்கு முந்தின வியாழன், நான் புறப்படும்போது முற்றத்தில் என்னை மறித்தார். பனி தூறிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"தம்பி, நான் கண்டுபிடிச்சிட்டன்."

"என்னத்தை அண்ணை?"

"உந்த லைன் ஏன் போகுதெண்டு. என்ர வாத்தியாரிட்டக் கேட்டனான். வெளிச்சம் கூடிப்போய் மற்றப் பக்கத்தை எரிக்குதாம். உங்கட ஒஃபீஸ் ஆக்கள் பிழையான சாமானைத் தந்துபோட்டு உம்மைச் சும்மா அலைக்கழிக்கினம்." என் தோளில் தட்டினார். "பயப்பிடாதையும். அக்காவிட்ட நான் மூச்சும் விடேல்லை. உமக்குப் பேர் கெடக்கூடாது. பத்துக் கிலோமீற்றர் சாமான் ரெண்டு எடுப்பிச்சிருக்கிறன். வாற வியாழன் ரெண்டு பேருமாக் கொழுவுவம். அதோட இந்தக் கரைச்சல் சரி. நீர் இனி இஞ்ச ஓடி வரத் தேவையே இல்லை."

நன்றி அண்ணை என்றேன். நல்ல மனிதர். இதை எழுதும்போதும் எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் சொன்னதெல்லாம் சரி. சரியான மொடியூல் போட்டால் அந்த லைன் பத்து வருடம் கிடக்கும்.

பத்து வருடத்தைப் பற்றி அந்த வாரம் முழுதும் யோசித்தேன். வியாழக்கிழமை இல்லாவிட்டால் புதன்கிழமைக்கு ஒரு வேலையும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நினைக்க ஒன்றும் இல்லை. ஒன்பதாவது மாடிக்கு ஏறும் லிஃப்டில் எதிர்வீட்டு அங்கிள் தலையைச் சாய்ப்பார். ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் இடம் விட்டு இருப்பார்கள். இவ்வளவுதான் மிச்சம்.

கடந்த வியாழன் என்னுடைய கணக்குப்படி லைன் காலை ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்குப் போயிற்று. இந்த நேரம் உங்களிடமும் இருக்கிறது. ராகுலன் அண்ணை ஒரு பெட்டி எடுக்க ஃபிறீசருக்குள் போனது ஒன்பது பத்துக்குப் பிறகு. இரண்டு நிமிட வேலை என்பதால் தடித்த மேலங்கியை வெளியே கொழுவிவிட்டுப் போனார். அந்த இரும்புச் சுவருக்குள் தொலைபேசி எடுக்காது, அதையும் மேலங்கிப் பையிலேயே விட்டிருந்தார். காலையில் அவர் கடதாசியில்தான் எழுதுவார், கணினியைப் பத்து மணிக்குப் பிறகுதான் திறப்பார். ஆகவே லைன் போனது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டரைக்கு லொறி வரும்வரை அந்தப் பக்கம் வேறு யாரும் போவதில்லை. உள்ளே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை, காற்றாடியும் ஓடும்.

பத்து இருபதுக்கு நான் வந்தேன். நல்ல வெயில், முற்றத்துப் பனியில் கண் கூசியது. சமையற்கூடத்தில் வெங்காயம் வதங்கும் மணம். அக்கா, "முதல் லைனைப் பாரும் தம்பி, ஓடர் ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

"பாப்பம் அக்கா. லைன் ஏற்கெனவே ஆறிட்டுது. ரோல் இன்னும் ஆறேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கே பழகியிருந்தேன், நானே இப்போது பகிடி விட்டேன். முதல் தட்டு வந்தது. அன்று அன்ரி ஒரு புதுப் பெண்ணைக் கண்டுபிடித்திருந்தார். பல் வைத்தியரின் உதவியாளர். "உமக்குச் சிரிப்பு வருது, ஆனா பல்லைக் காட்டாமல் சிரிக்கிறீர். அவள் அதைத் திருத்துவாள்" என்றார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக் காட்டினேன். "ஐயோ, வேண்டாம், மூடும்" என்றார்.

பதினொரு மணிபோல அன்ரி என் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த மற்றக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"உவன் ராகுலன் எங்க? ரீ ஆறிப்போச்சு."

"பெட்டி எண்ணுறார் அன்ரி. நான் வரேக்க கண்டனான். முடிச்சிட்டு வாறாராம்."

"எண்ணட்டும், எண்ணட்டும். படிக்கத் தொடங்கினாப் பிறகு அவனுக்கு எல்லாம் எண்ண வேணும்."

அவருடைய பங்கு இரண்டு ரோல்களை அன்ரி ஒரு தட்டால் மூடி வைத்தார். பன்னிரண்டுக்குக் கிட்ட, "அவன் வரமாட்டான் போல, நீர் சாப்பிடும்" என்று அதில் ஒன்றை எனக்கே தந்தார். கொஞ்சம் நமுத்திருந்தது. பரவாயில்லை.

பிறகு நான் கருவிப்பையை எடுத்துக்கொண்டு யூனிட் பதினொன்றுக்குப் போனேன். கருகிய மொடியூலைக் கழற்றினேன். என் பையில் கொண்டுவந்ததைச் செருகினேன். பச்சை விளக்கு வந்தது. மணி பன்னிரண்டு பன்னிரண்டு. அதே கணத்தில் முற்றத்துக்கு அப்பால் சமையற்கூடத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. உள்ளே அமத்திய பொத்தான் அமத்தியபடியே இருந்தது. அந்த வேலை நான் திறமாகச் செய்தது, செய்தி காத்திருந்து போகும். அக்கா ஏப்ரனோடு பனிக்குள்ளால் ஓடி வருவதைக் கண்டேன். பேபி அன்ரி பின்னால் வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். கதவை அக்கா திறந்தார்.

அவர்கள் உள்ளே நின்ற நேரத்தில் நான் அறிக்கையை எழுதினேன். வேலை முடிந்ததும் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. உங்களிடம் பிரதி இருக்கிறது. பழுது: ஃபிறீசர் முனை வெளிச்சத்தை வாங்கவில்லை. காரணம்: தேய்மானம். செய்த வேலை: மொடியூல் மாற்றப்பட்டது, மணி பரிசோதிக்கப்பட்டது, வேலை செய்கிறது.

பேபி அன்ரி உங்களிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். நான் வரேக்க கண்டனான் என்று நான் சொன்னதை. அதனால்தான் இன்றும் என்னைக் கூப்பிட்டீர்கள். நேரே சமையற்கூடத்துக்குப் போனேன் என்று நேற்றுச் சொன்னது சரியில்லை. நான் எப்போதும் முதலில் யூனிட் பதினொன்றுக்குத்தான் போவேன், காரை அங்கே விடுவது வசதி. அன்றும் அங்கேதான் போனேன். மணி பத்துப் பதினைந்து.

கொழுக்கியில் மேலங்கி தொங்கியது. கீழே ஒரு கதிரையில் சின்னப் பொதி. பிரித்துப் பார்த்தேன். பத்துக் கிலோமீற்றர் மொடியூல் இரண்டு. நல்ல தெரிவு, நான் வாங்கினாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். அப்போது கதவுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தரம் தட்டி, நிறுத்தி, திரும்ப மூன்று தரம். கதவு நாலு அங்குலத் தடிப்பு. காதை வைத்தால் குரலும் கேட்டது. கார்க் கதவு சாத்திய அதிர்வு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பி, தம்பி என்றார். வியாழக்கிழமை அந்த நேரத்தில் நான்தான் வருவேன் என்று அவருக்குத் தெரியும்.

கைபிடியில் கை வைத்தேன். ஓர் இழுப்பு. திறந்தால் அவர் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார், என்னைக் கட்டிப்பிடிப்பார், நல்ல நேரத்தில் வந்தீர் என்பார். பிறகு இருவருமாகச் சரியான மொடியூல்களைக் கொழுவுவோம். பத்தரைக்கு எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

கையை எடுத்தேன். பொதியை என் பைக்குள் வைத்தேன். கதவைத் திறப்பதில்லை என்று நான் முடிவெடுக்கவில்லை, இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். பிறகு திறக்கலாம் என்றுதான் முடிவெடுத்தேன். ஒரு தேநீர். அவர் பலமான ஆள். அங்கே ஆட்கள் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் எழும்ப மனம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது தட்டும் சத்தம் இல்லை. அது நின்று எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான்தான் அவரைக் கொன்றேன் என்று தெளிவாக ஒரு வசனம் வேண்டும் என்றீர்கள். அந்த வசனம் இதுதான், கீழே கையெழுத்தும் வைக்கிறேன்.

சமையற்கூடத்தில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டார்களா என்று விசாரித்தேன். இல்லை, ஒருவரும் என் பெயரை எடுக்கவில்லை என்றீர்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ராகுலன் அண்ணையின் செத்தவீட்டுக்கு வருகிற சனத்துக்கெல்லாம் சமைப்பது அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும். அந்த வேலை எல்லாம் ஓய்ந்ததும் பேபி அன்ரி கட்டாயம் கேட்பார்.